இன்னொரு கால் சுத்து

நட்டைத்தான் திருகினார். ஸ்டட்டே கையோடு வந்துவிட்டது.

அது மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. ஸ்டட்டின் நுனியில் மெல்லிய ஸ்பிரிங் மாதிரி ஒன்று பளபளவென்று சுற்றிக்கொண்டிருந்தது. மெக்கானிக் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எஞ்சின் பிளாக்குக்குள்ளேயே இருந்திருக்க வேண்டிய திருகு மரை அது. எஞ்சினின் ஹெட்டை பிளாக்கோடு அழுத்திப் பிடிக்கிற பத்து ஸ்டட் கம்பிகளில் ஒன்று, தன் பொந்தின் மரையை வழித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. இனி அந்தப் பொந்தில் எதைத் திருகினாலும் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், பிடிக்காது.

"மரை போயிடுச்சா அண்ணே?"

குரல் பிடரிக்குப் பக்கத்திலேயே கேட்டது. மெக்கானிக் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார். பானெட் மண்டையில் இடித்தது.

அமரர் ஊர்தி டிரைவர் நின்றிருந்தார். அவர் வருகிற சத்தம் எப்போதும் கேட்காது. தொழில் அப்படி. ஓசைப்படாமல் வருவதும், கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும், யார் எதைச் சொன்னாலும் மெதுவாகத் தலையசைப்பதும் உடம்போடு ஒட்டிப்போயிருந்தன. சட்டையில் எப்போதும் ஈரப் பூ வாசம்.

"போகலப்பா. கொஞ்சம் தேஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்று மெக்கானிக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "உனக்கு எப்ப வேணும் வண்டி?"

"வெள்ளிக்கிழமை."

"ஏன், யாராவது...?"

"இன்னும் இல்லண்ணே."

சொல்லிவிட்டு டிரைவர் அவரை உச்சியிலிருந்து பாதம்வரை நிதானமாகப் பார்த்தார். நீளம் பார்க்கிற பார்வை. பிறகு மெதுவாகத் தலையசைத்துவிட்டு வண்டிக்குப் பின்பக்கமாகப் போனார். போனவர் தெருவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. மெக்கானிக் எட்டிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

மெக்கானிக்குக்குத் தெருவில் வேறு பேர். 'கால்சுத்து' என்பார்கள். எந்த நட்டையும் சரியான அளவுக்கு இறுக்கிவிட்டு, அதற்குமேல் இன்னொரு கால் சுத்து கொடுத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அளவு காட்டுகிற டார்க் ரெஞ்ச் கடையில் இருந்தது. அது 'டிக்' என்றதும் நிறுத்த வேண்டும் என்பது அதைச் செய்தவனுடைய அபிப்பிராயம். அதைக் கீழே வைத்துவிட்டு, ஸ்பானரின் வாலில் ஒரு பைப்பை மாட்டி, பல்லைக் கடித்து, "இன்னொரு கால் சுத்து" என்பது இவருடைய அபிப்பிராயம்.

இவருடைய அபிப்பிராயம்தான் இருபது வருஷமாக ஜெயித்து வந்தது. கடைப் பலகையில் 'இங்கே பிரித்து மாட்டியது திரும்பி வராது' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார். வந்ததும் இல்லை. மற்ற மெக்கானிக்குகள் அந்தப் பலகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு போவார்கள். அவருக்குப் பட்டம், பதவி, மானம் எல்லாம் அதுதான்.

அந்தப் பலகைக்குத்தான் இப்போது கேடு வந்திருந்தது.

அமரர் ஊர்திக்குப் புது கேஸ்கெட் தகடு போட்டு, ஹெட்டை மாட்டி, பத்து நட்டுக்கும் கால் சுத்து கொடுத்து அனுப்பி அதிக நாள் ஆகவில்லை. ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு மயானத்துக்குப் போகிற பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. முன்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. டிரைவர் இறங்கி, "பயப்படாதீங்க, ஆவிதான்" என்று தன் வழக்கமான மெதுவான குரலில் சொல்லியிருக்கிறார். கூட வந்தவர்களில் பாதிப் பேர் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டார்கள்.

மிச்சமிருந்தவர்கள் வண்டியைத் தள்ளினார்கள். பெரியவரோடு ஆயுசு முழுக்கப் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு கை கொடுத்தாராம். இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன அவமானம் வேண்டும்? அந்தப் பெரியவர் இதை மனசில் வைத்துக்கொண்டுதான் போயிருப்பார் என்று மெக்கானிக்குக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. போயிருந்தால், அதாவது.

ஏனென்றால், அந்த வண்டி கடைக்குள் நுழைந்த நாளிலிருந்து எதுவும் சரியில்லை. அனுப்பிய பள்ளிக்கூட வேன் எண்ணெய் ஒழுகிக்கொண்டு திரும்பி வந்தது. ரொட்டிக் கடை வண்டி ஒரு சக்கர போல்ட்டை முறித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தது. பலகைக்குக் கீழேயே மூன்று வண்டிகள் வரிசையாக நின்றன. தெருவில் போகிறவர்கள் பலகையைப் படித்தார்கள், வண்டிகளைப் பார்த்தார்கள், வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. அமரர் ஊர்தி முதல்முறை வந்த அன்றைக்கே, அக்கா மகளுக்குப் பிரசவம் என்று மனைவி ஊருக்குப் போயிருந்தாள். காலையில் காப்பி குடிக்கலாம் என்றால் காப்பிப்பொடி டப்பா திறக்கவில்லை. முந்தின நாள் அவரே மூடி வைத்த டப்பா. துணி சுற்றிப் பார்த்தார், சுவரில் தட்டிப் பார்த்தார், கடைசியில் வெந்நீரைக் குடித்துவிட்டு வந்தார். அவள் இருந்தால் சுண்டுவிரலால் திறப்பாள். அவளுக்கு அப்படி ஒரு கைராசி.

போனில் அவள் தினமும் விசாரித்தாள்.

"கடை எப்படி ஓடுது?"

"ஓடுது."

"குரலே லூசா இருக்கே. என்னங்க, நட்டை ரொம்ப இறுக்காதீங்க."

"நட்டைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

 "பாப்பா அழறா, வெச்சிடறேன்" என்றாள்.

மரை போன பொந்துக்கு முதல் வைத்தியமாக, கொஞ்சம் நீளமான ஸ்டட் ஒன்றைத் தேடி எடுத்து, பசை தடவி இறக்கினார். அடியில் மிச்சமிருந்த நல்ல மரையில் அது அழகாகப் பிடித்தது. டார்க் ரெஞ்ச் 'டிக்' என்றது. அங்கே விட்டிருக்கலாம். இன்னொரு கால் சுத்து கொடுத்தார். அடியில் இருந்த மரையும் வந்துவிட்டது.

பொந்தைத் துளைத்துப் பெரிதாக்கி, புதிதாக மரை வெட்டி, தடித்த ஸ்டட்டைப் போட்டுவிடலாம் என்று டிரில்லைக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. வண்டியின் பின்பக்கத்திலிருந்து, ஜன்னல் கண்ணாடிகளுக்குச் சாயம் பூசிய அந்தப் பெட்டிக்குள்ளிருந்து, நீளமாக ஒரு பெருமூச்சு.

டிரில்லை நிறுத்தினார். பெருமூச்சும் நின்றது. மறுபடி டிரில்லை ஓட்டினார். மறுபடி ஒரு பெருமூச்சு, அதன் கூடவே ஒரு முனகல்.

"டயர்ல காத்து இறங்குது" என்று மெக்கானிக் சத்தமாகச் சொல்லிக்கொண்டார். பின்னால் போய்ப் பார்க்காமலேயே அதை நம்புவதென்று முடிவு செய்தார். கண் பின்பக்கமே போய்க்கொண்டிருந்ததில் பொந்து கோணலாகப் போயிற்று. கோணல் பொந்தில் வெட்டிய மரை, கோணலாக நின்ற ஸ்டட், அதற்கும் ஒரு கால் சுத்து. எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பொந்தில் இப்போது மரை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை.

அடுத்த கடை லேத்துக்காரரிடம் போய் நின்றார். அவர் கூடவே வந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பொந்தை எட்டிப் பார்த்தார்.

"பொந்தா இது? கிணறு மாதிரி இருக்கு. சரி, நேராக்கி அகலமா வெட்டி, ஒரு இரும்பு புஷ் இறக்கித் தர்றேன். வெளியிலயும் மரை, உள்ளயும் மரை. பழைய அளவு ஸ்டட்டே அதுல உக்காரும். பிளாக்கைவிட அதுதான் கெட்டி. ஆனா டிக்னு சொன்னா நிறுத்தணும்."

"நிறுத்துறேன்."

"இறுக்கி முடிச்சதும் நட்டுக்கும் ஹெட்டுக்கும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போட்டு வை. நகர்ந்தா காட்டிக் குடுத்துடும்." கிளம்பும்போது மெக்கானிக்கின் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். "மரை கழண்டது எஞ்சினுக்கு மட்டும்தானே?"

மனைவி ஊரிலிருந்து வந்துவிட்டாள். குழந்தைக்குப் பேர்கூட வைக்கவில்லை. போனில் இவர் குரல் சரியில்லை என்று பாதியில் கிளம்பி வந்திருந்தாள். "இப்படியா துரும்பாப் போவீங்க!" என்று திட்டிக்கொண்டே, மறுநாள் மதியம் வழக்கம்போலச் சாப்பாட்டுக் கேரியரோடு கடைக்கு வந்தாள். அமரர் ஊர்தியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள்.

"ஐயோ, இந்த வண்டியா? அந்தப் பக்கம் என் கண்ணே போகாதுங்க" என்று முக்காலியைத் தெருவைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

புஷ் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. புது கேஸ்கெட், ஹெட், பத்து நட்டு, கால் சுத்து, வெள்ளைக் கோடு. எல்லாம் முடித்துவிட்டு மெக்கானிக் கை கழுவப் பின்பக்கம் போனார்.

அவர் கை கழுவப் போனால் லேசில் வரமாட்டார். கிரீஸ் போவதற்கு நேரம் பிடிக்கும் என்பது ஒன்று. அந்தக் குழாயை மூடுகிறவரும் அவரே என்பது இன்னொன்று. இரண்டு கையாலும் பிடித்துத் தம் கட்டிக்கொண்டிருந்தபோது கடைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

க்ர்ரக்.

காதைத் தீட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி: க்ர்ரக்.

இறுகிய நட்டு ஒன்று பிடி விடுகிற சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் அவருக்குத் தெரியும். க்ர்ரக். க்ர்ரக். அவசரமே இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக, பத்து முறை கேட்டது. பத்தும் முடிகிறவரை அவர் குழாயை விடவில்லை.

உள்ளே வந்தபோது மனைவி தெருவைப் பார்த்தபடி தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். மெக்கானிக் எஞ்சினிடம் போனார். பத்து நட்டிலும் கோடு பிளந்திருந்தது. பத்தும் ஒரே பக்கம், ஒரே அளவு நகர்ந்திருந்தன. சரியாகக் கால் சுத்து.

"இங்க யாராவது வந்தாங்களா?"

"நான் இங்கயேதானே உக்காந்திருக்கேன். ஒரு ஈ காக்கா வரல."

"சத்தம்? சத்தம் ஏதாவது கேட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே. உங்களுக்குக் காது அடைக்குதா? முதல்ல சாப்பிடுங்க."

சாப்பிட்டார். என்ன சாப்பிட்டார் என்று அவருக்குத் தெரியாது. மனைவி போன பிறகு, பற்கள் தந்தியடிக்க, பத்து நட்டையும் பழைய கோட்டுக்குக் கொண்டுவந்தார். கோட்டுக்கு வந்ததும் கை சும்மா இருக்குமா? நகராமலிருக்கட்டும் என்று இன்னும் ஒரு கால் சுத்து கொடுத்தார். புஷ் போட்ட ஸ்டட் கல் மாதிரி நின்றது. அதற்குப் பக்கத்து ஸ்டட் மரையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்தது.

"மொத்தமா ஒரு டஜன் புஷ் கடைஞ்சு வெச்சிடட்டுமா?" என்று கேட்டார் லேத்துக்காரர்.

மறுநாளும் அதே கதைதான். இரண்டாவது புஷ், புதுக் கோடு, குழாய், பத்து க்ர்ரக். கோடுகள் அதே அளவுக்குத் திரும்பியிருந்தன. மெக்கானிக் அந்த நட்டுகளைத் தொடவே பயந்தார். செத்துப்போன அந்தப் பெரியவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து கையை நீட்டித் திருகுவது போல அவருக்குத் தோன்றியது.

தட்டை நகர்த்தி வைத்தார்.

"கடையைச் சாத்திடலாம்னு பாக்கறேன்."

மனைவியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "என்ன பேச்சு இது?"

"என் கை போயிடுச்சும்மா. இத்தனை வருஷம் இந்தக் கைதான், இந்தக் கைதான்னு இருந்தேன். பிரிச்சு மாட்டினது எல்லாம் திரும்பி வருது. இனிமே அந்தப் பலகை எதுக்கு?"  எஞ்சின் புகையில் கலங்காத கண் கலங்கியது. "நாளைக்கு அதைக் கழட்டிடப் போறேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

"நாளைக்கு ஒரு நாள் பாருங்க" என்றாள். "நாளைக்கு நான் கொஞ்சம் முன்னாடியே வர்றேன். கோடு நகர்ந்தா நகர்ந்துட்டுப் போகுது. நீங்க அதைத் தொடாதீங்க."

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் மறுபடி எல்லாவற்றையும் இறுக்கினார். கோடு போட்டார். பலகையைக் கழற்ற ஏணியை எடுத்துச் சாத்தினார், ஏறப் பார்த்தார், மனசு வரவில்லை. பலகையின் போல்ட்டும் வரவில்லை, அவர் இறுக்கியது. சொன்னபடி மனைவி முன்னாடியே வந்ததும் கை கழுவப் போனார்.

க்ர்ரக்.

இந்த முறை பத்தாவது சத்தம் கேட்ட கணமே, சோப்பு நுரை சொட்டச் சொட்ட உள்ளே ஓடி வந்தார். மனைவி எதிரே வந்தாள். "கேரியர் மூடி அழுக்கா இருக்கு, அலம்பிட்டு வர்றேன்" என்று அவரைத் தாண்டிக் குழாய்ப்பக்கம் போனாள்.

அவர் தனியாகக் குனிந்து பார்த்தார். பத்துக் கோடும் பிளந்திருந்தன. ஸ்பானரின் கைப்பிடியைத் தொட்டார். வெதுவெதுவென்று இருந்தது.

மெக்கானிக் அலறினார்.

அந்த அலறலுக்குப் பதில் சொல்வது போல அமரர் ஊர்தியின் பின்கதவு மெல்லத் திறந்துகொண்டது. உள்ளே, போகிறவர்களைக் கிடத்துகிற நீளத் தட்டில், தலைவரைக்கும் வெள்ளைத் துணி போர்த்தி ஓர் உருவம் கிடந்தது. அது ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு இடுப்பை மடக்கி எழுந்து உட்கார்ந்தது.

மெக்கானிக் உட்கார்ந்தார். தரையில்.

"என்னண்ணே, ஒரு மனுஷனை நிம்மதியாத் தூங்க விட மாட்டீங்களா?" என்று துணியை விலக்கிவிட்டுக் கண்ணைக் கசக்கினார் டிரைவர்.

"நீ... நீ இங்கயா இருந்தே?"

"தினமும் இங்கதான். உள்ள குளுகுளுன்னு இருக்கும். யாரும் வந்து எழுப்பவும் மாட்டாங்க. நீங்கதான் டிரில்லைப் போட்டு உயிரை வாங்கறீங்க."

மெக்கானிக்குக்குப் பாதி உயிர் வந்தது. வந்த பாதி உயிரோடு எழுந்து டிரைவரின் சட்டையைப் பிடித்தார்.

"அப்போ நீதானா? நட்டையெல்லாம் திருப்பினது நீதானா?"

"நான் தொடலண்ணே. சும்மா படுத்துப் பாத்துட்டிருந்தேன்."

"பின்ன யாரு?"

டிரைவர் மெதுவாகத் தலையசைத்தார். "சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"திருப்பினவங்களுக்கு."

சட்டையைப் பிடித்திருந்த கை தானாக நழுவியது. மெக்கானிக் பின்னால் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அவங்களுக்கு என் மேல கோவமா தம்பி? அன்னைக்குத் தள்ள வெச்சதுக்கு?"

"கோவமா? உங்க மேல உசுரையே வெச்சிருக்காங்கண்ணே. எப்பவும் உங்க கூடவேதான் இருக்காங்க. இப்பகூடப் பக்கத்துலதான் இருக்காங்க."

தன்மேல் உயிரையே வைத்திருந்து செத்துப்போனவர்கள் யார் யார் என்று மெக்கானிக் மனசுக்குள் தேடிப் பார்த்தார். ஒருவரும் அகப்படவில்லை. அது வேறு அவருக்கு வருத்தமாக இருந்தது.

"அவங்க விட்ட இடத்துலயே விட்டுடுங்கண்ணே" என்றார் டிரைவர். "ஸெல்ஃப் அடிங்க, பாப்போம்."

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருகினார். எஞ்சின் ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு ஓட ஆரம்பித்தது. சொட்டு எண்ணெய் இல்லை, சொட்டுத் தண்ணீர் இல்லை. சூடேறிய பிறகும் ஹெட் இடுக்கு காய்ந்தே இருந்தது. ஆவி என்ற பேச்சே இல்லை. புஷ் போட்ட இரண்டு ஸ்டட்டும் மற்ற எட்டோடு சேர்ந்து, பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பவை போல நின்றன. லேத்துக்காரர்கூட வேலையை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்று காதுகொடுத்தார்.

டிரைவரின் போன் அடித்தது. "கிளம்பிட்டேன். அவரைக் குளிப்பாட்டி வைங்க" என்றார் போனில். வெள்ளிக்கிழமைக்கு ஆள் கிடைத்துவிட்டது.

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கேட்டியா?" என்று மெக்கானிக் எஞ்சினைக் காட்டினார். போன உயிரெல்லாம் திரும்பி, போதாததற்குக் கொஞ்சம் கூடுதலாகவும் வந்திருந்தது. "கேட்டியா சத்தத்தை? என் கை எங்கயும் போகலம்மா!"

"நான்தான் சொன்னேனே" என்றாள் அவள். முகமெல்லாம் சிரிப்பு.

மெக்கானிக் வாசலுக்குப் போய்ப் பலகையை அண்ணாந்து பார்த்தார். ஏணியை எடுத்து ஓரமாகச் சாய்த்தார். மார்பை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தார். வந்தவர் சும்மா வரவில்லை. போகிறபோக்கில் மூலையில் கிடந்த பைப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, எஞ்சினை ஒரு நிமிஷம் நிறுத்து. ஓடறது என்னவோ நல்லாத்தான் ஓடுது. இருந்தாலும் என் மனசு கேக்கல." ஸ்பானரின் வாலில் பைப்பை மாட்டினார். "ஒரே ஒரு கால் சுத்து."

டிரைவர் இறங்கி வந்தார். மனைவியைப் பார்த்தார். அவள் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். எத்தனையோ பேரைத் தூக்கிக் கிடத்திய அந்தக் குளிர்ந்த கை மெக்கானிக்கின் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்தது.

"அண்ணி மன்னிக்கணும், வாக்கை மீறுறேன். அண்ணே, அந்தப் பைப்பைக் கீழ வெச்சிடுங்க: இருபது வருஷமா நீங்க கை கழுவப் போறப்பல்லாம் அண்ணிதான் அந்தக் கால் சுத்தைத் திருப்பி விட்டுட்டிருக்காங்க."